புரியாத மாதிரி

நான்கு வயதுவரை ஷைனிக்குக் காது கேட்கவில்லை. வீட்டில் பேச்சு முழுவதும் கையால்தான். ஒவ்வொரு சைகையும் ரெஜினா மகளுக்கென்று உண்டாக்கியது. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் தண்ணீர். காது கேட்பதற்காகத் தலைக்குள் கருவி பொருத்திய பிறகு பேச்சுப் பயிற்சி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கையால கேட்டா கொடுக்காதீங்கம்மா. புரியாத மாதிரி இருங்க. வாயைத் திறக்கட்டும்."

அன்று மதியம் ஷைனி கட்டைவிரலை உதட்டில் வைத்தாள். ரெஜினா தம்ளரைப் பிடித்தபடி, "தண்ணின்னு சொல்லு," என்றாள். மகள் விரலை இன்னும் அழுத்திக் காட்டினாள்.

"ஏட்டி, பிள்ளைக்கு நாக்கு வறளுது. உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினான் அவள் கணவன் சவரிமுத்து.

"சும்மா இருங்க. இப்ப குடுத்துட்டா அவ பேசவே மாட்டா." மகளைப் பார்க்காமலே சொன்னாள் ரெஜினா.

ஷைனி அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, தன் தலையில் காந்தத்தால் ஒட்டியிருந்த, அந்தக் கருவியின் வெளிப்பகுதியான வட்ட வில்லையை வயரோடு பிடுங்கி, அம்மாவின் முடியை விலக்கி, அதே இடத்தில் வைத்தாள். அது ஒட்டாமல் மடியில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். விழாதபடி ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலை உதட்டில் வைத்தாள்.