மூன்றாவது பாட்டில்

"பாட்டில் கசிஞ்சிடுச்சு. தப்பு எங்களோடதுதான். இன்னொரு சாம்பிள் வேணும்."

லேப்பின் பெரிய மேடம் இமைக்காமல் பொய் சொன்னார்.

பக்கத்தில் நின்ற டெக்னீஷியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கசிவாவது ஒண்ணாவது! பாட்டிலை வாங்கிப் பதிவு செய்தவள் அவள். கிருமி வளர்க்கும் ப்ளேட்டில் தடவியவள் அவள். அதில் டைபாய்டு கிருமி வளர்ந்து நிற்பதை இன்று காலையில் கண்ணாரப் பார்த்துவிட்டு, "பாசிட்டிவ் மேடம்" என்று சொன்னவளும் அவளேதான்.

மேசைக்கு எதிரே ஹாஸ்டல் வார்டனும், அந்த ஹாஸ்டலின் சமையல்காரரும். சமையல்காரருக்கு இரண்டு மாதத்துக்கு முன் டைபாய்டு வந்து குணமாகிவிட்டது. ஆனாலும் மூன்று முறை மலப் பரிசோதனை செய்து, மூன்றிலும் கிருமி இல்லை என்று இந்த லேப் எழுதிக் கொடுத்தால்தான் அவர் மறுபடி கரண்டி பிடிக்கலாம். இரண்டில் தேறிவிட்டார். இது மூன்றாவது.

"இதோ பாருங்க," என்றார் வார்டன். "முன்னூறு பிள்ளைங்களுக்கு எத்தனை நாள்தான் வெளிச் சாப்பாடு போடறது? இன்னிக்கு ரிசல்ட் வரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னு இவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்."

"சார், அப்படிச் சொல்லாதீங்க சார்," என்றார் சமையல்காரர். 

"மூணே நாள் பொறுத்துக்குங்க," என்றார் மேடம். "எங்க தப்புக்கு அவரை ஏன் தண்டிக்கிறீங்க?"

"ஒரு பாட்டிலைப் பத்திரமா வெச்சுக்கத் துப்பில்லை. உங்களுக்கெல்லாம் சம்பளம் மட்டும் டாண்ணு வந்துடுது. மேலிடத்துக்கு எழுதத்தான் போறேன்."

"தாராளமா எழுதுங்க. என் பேரும் பதவியும் கதவுலயே இருக்கு."

மேடத்துக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. ஆறு பேர் பார்க்க வேண்டிய வேலையை மூன்று பேர் இழுத்துக்கொண்டிருக்கும் லேப். வெளியே குடிநீர் சாம்பிள் மட்டும் நாற்பது காத்திருந்தது. காலையில் வாங்கி வைத்த டீ ஏடு கட்டி அப்படியே கிடந்தது. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்.

"சரி, மூணு நாள். அதுக்கு மேல ஒரு மணி நேரம் கூடக் கிடையாது." வார்டன் வண்டியில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் ஒரு காலி பாட்டிலைச் சமையல்காரர் பக்கம் நகர்த்தினார். "இந்தத் தடவை இங்கேயே கொடுத்துட்டுப் போங்க. பின்னாடி பாத்ரூம் இருக்கு."

சமையல்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. "நாளைக்கு வீட்லேருந்து கொண்டு வந்துடறேனே மேடம்..."

"வேண்டாம். இங்கேயே. வர்ற வரைக்கும் பெஞ்சுல உட்காருங்க, யாரும் விரட்ட மாட்டாங்க."

அவர் வெளியே போனதும் டெக்னீஷியன் பொங்கிவிட்டாள்.

"மேடம், பதினாலு வருஷமா உங்ககிட்ட வேலை பார்க்கறேன். ஒரு ரிப்போர்ட்டை நீங்க மறைச்சு நான் பார்த்ததில்லை. முன்னூறு பிள்ளைங்க சாப்பிடற சாப்பாடு மேடம்! அதுல ஒண்ணு என் அக்கா பையன்."

"தெரியும்மா."

"கசிஞ்சிடுச்சுன்னா என் தலைதானே உருளும்? ரெஜிஸ்டர்ல என் கையெழுத்துதானே இருக்கு?"

"நான் வாங்கினதா எழுதிக்கறேன். போதுமா?"

"அது இல்ல மேடம். அவர் உங்களுக்குச் சொந்தமா? இல்ல யாராவது சிபாரிசா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கோபப்படுவார் என்று பார்த்தால் அதுவும் இல்லை.

"அவரைக் கூப்பிடு. கதவைச் சாத்து. நீயும் இரு."

பேரம்தான் நடக்கப் போகிறது என்று டெக்னீஷியன் முடிவே கட்டிவிட்டாள். இத்தனை வருஷம் சாமி மாதிரி மதித்த மனுஷி! அவளுக்கு அழுகையாக வந்தது.

சமையல்காரர் வந்து நின்றார். கையில் பாட்டில் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"உங்களுக்குக் க்ரேயான் தின்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார் மேடம்.

"என்னது மேடம்?"

"க்ரேயான். பசங்க படம் வரையறது. நீங்க கொண்டு வந்த மூணாவது பாட்டிலை இன்னிக்கு நானே திறந்து பார்த்தேன். பச்சையும் சிவப்புமா அந்தத் துணுக்குதான் கிடந்துச்சு. முதல் ரெண்டுல இல்லை."

சமையல்காரர் அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வார்டன் எதிர்ல கேட்டிருந்தா உங்க வேலை அங்கேயே போயிருக்கும். அதான் கசிஞ்சிடுச்சுன்னேன். இப்ப உண்மையைச் சொல்லுங்க."

"மன்னிச்சிடுங்க மேடம். ரெண்டு தேறிட்டேன், கடைசில எனக்கு வந்து தொலைச்சா என்ன பண்றதுன்னு பயம். ரெண்டு மாசமா வேலை வெட்டி இல்லை. என் பொண்ணுக்கு நாலு வயசு. சின்னக் குழந்தையோடது, சுத்தமா இருக்கும்னு..."

"பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா மேடம். அஞ்சாறு நாளா உடம்பு லேசா சுடுது, சரியா சாப்பிடறதில்லை. வெயில் சூடுன்னு விட்டுட்டோம்."

மேடம் காலையில் வந்த ரிப்போர்ட்டை எடுத்து, அதில் இருந்த அவர் பெயரை அடித்து, அவர் பக்கம் பேனாவை நீட்டினார்.

"உங்க ரிப்போர்ட் மூணு நாள் கழிச்சுத்தான். இதுல உங்க பொண்ணு பேரை எழுதி, இப்பவே அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. டைபாய்டு அவளுக்குத்தான்."