மறுபடியும் ஆயில் ஒழுகுது

"வாங்க சார், மறுபடியும் ஒழுகுதா?"

ஆயில் ஒழுகுகிறது என்றதும் இவ்வளவு சந்தோஷப்படுகிற மெக்கானிக்கை உலகத்தில் எங்காவது பார்த்ததுண்டா? ஸ்கூட்டர் டயரைக் கழற்றிக்கொண்டிருந்த பஞ்சர்காரன் தலையைத் தூக்கினான். அப்படிக் கேட்ட அவன் பெண்டாட்டி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

கடை இரண்டு பேருக்கும் பொது. டயர், பிரேக், செயின் எல்லாம் அவன் பாடு. அதனால் தெருவுக்கு அவன் பஞ்சர்காரன். இன்ஜின் வேலை மொத்தமும் அவள். அவள் முடித்துக் கொடுத்த இன்ஜின் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை, இந்த ஒன்றைத் தவிர. ஐம்பது வருஷத்துப் பழைய மோட்டார் சைக்கிள். நாலு மாதத்தில் இது திரும்பி வருவது ஆறாவது தடவை.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டரம்மா. காலையில பார்த்தா வாசல்ல இத்தாப் பெரிய கறை!"

இன்ஜினுக்கு வைத்தியம் பார்ப்பதால் டாக்டரம்மாவாம்! பஞ்சர்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டிக்காரன் ஆளும் அப்படி. மடிப்புக் கலையாத சட்டை, ஒதுக்கின தாடி, ஆள் வருவதற்குப் பத்தடி முன்னால் வாசனை வரும். சென்ட் பாட்டில் என்றுதான் பஞ்சர்காரன் அவனுக்கு மனசுக்குள் பெயர் வைத்திருந்தான்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன் சார்" என்று அவள் சாவியை வாங்கினாள். ஒரே உதையில் வண்டி கிளம்பியது.

மற்ற வண்டி என்றால் சந்து முனை வரைக்கும்தான் போவாள். இதற்கு மட்டும் முழுசாகக் கால் மணி நேரம். திரும்பி வந்து இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கணுமே! கல்யாணப் போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு மாறாமலே சென்ட் பாட்டிலைப் பார்த்து, "சாயங்காலம் வாங்க சார்" என்றாள்.

பஞ்சர்காரன் டயரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான்.

"இந்தத் தடவை நான் பார்க்கட்டுமா?"

"ஐயையோ, நீங்க வேணாம். பழைய இன்ஜின். அதோட கிறுக்கு எனக்குத்தான் தெரியும்."

"ஆமாமா, எனக்கு டியூப் ஒட்டத்தானே தெரியும்!"

"நான் அப்படியா சொன்னேன்? தொடாதீங்க, அவ்வளவுதான். டவுனுக்குப் போய் ஆயில் வாங்கிட்டு வந்துடறேன்."

அவள் தலை மறைந்ததுதான் தாமதம், வண்டியை உள்ளே இழுத்தான். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தான். அலமாரியில் இருந்த முகப்பவுடரை இன்ஜின் முழுக்கத் தூவி, ஸ்டார்ட் பண்ணினான். பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் ஒழுகல். இதுவும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான், வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

ஐந்து நிமிஷத்தில் பக்கவாட்டு மூடிக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தான். தேவையே படவில்லை. நட்டு விரலுக்கே திரும்பியது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். புதுசாக வேலைக்கு வந்தவன் மறக்கலாம். அவள் மறப்பாளா? ஒரு தடவை மறக்கலாம், ஆறு தடவையுமா? வேண்டுமென்றே முறுக்காமல் விட்டிருக்கிறாள். வண்டி ஒழுகினால்தானே ஆள் வருவான்!

அவள் போய்விட்டால் தன் கதி என்ன என்று நினைத்துப் பார்த்தான். இந்தக் கடையில் ஒரு நாள் இருக்க முடியாது. வீட்டில் ஒரு ராத்திரி இருக்க முடியாது. அழுகைதான் முதலில் வந்தது, ஆத்திரம் அதை முந்திக்கொண்டது.

மூடியைக் கழற்றி, இடையில் ஆயில் கசியாமல் இருக்க வைத்திருந்த பழைய பேக்கிங் அட்டையைச் சுரண்டி எடுத்தான். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, மூடியின் விளிம்பு மட்டமாகும்வரை தேய்த்தான். புது பேக்கிங் வெட்டி வைத்து நட்டை முறுக்கினான். மறுபடி பவுடரைத் தூவி அரை மணி நேரம் ஓடவிட்டான். ஒரு பொட்டு ஈரமில்லை.

ஆயில் டப்பாவோடு வந்தவள் பவுடர் பூசிய இன்ஜினைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னங்க பண்ணீங்க?"

"ரிப்பேர் பண்ணேன். கடையில அதுதானே வேலை?"

அவள் மூடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். சாயங்காலம் சென்ட் பாட்டில் வந்தான்.

"இனிமே ஒழுகாதா சார்?"

"இந்த ஜென்மத்துல ஒழுகாது. நீங்க இந்தப் பக்கமே வர வேணாம்."

"அப்பாடா! நான் இருக்கறது ஊருக்கு அந்தக் கோடி சார். அலைஞ்சு அலைஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு. வர்றேன் டாக்டரம்மா!"

வண்டி போயிற்று. அவள் தெருவில் இறங்கி நின்றாள். சத்தம் அடங்கின பிறகும் நின்றாள். பிறகு, கையெல்லாம் கிரீஸ் என்பதால் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"அந்த நட்ட முறுக்காம விட்டது நீதானே?"

"ஆமா."

மறுப்பாள் என்று நினைத்திருந்தான். மறுத்திருக்கலாம்.

"ஆறு தடவையும்?"

"ஆமாங்க."

"அப்படி என்னடி அவன்கிட்ட..." கையிலிருந்த துணியை வீசி எறிந்தான். "என்கிட்ட இல்லாதது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"அட மக்கு மனுஷா, அவரு மூஞ்சிய யாரு பார்த்தா? ஒன்பது வருஷம் கழிச்சுக் கண்ணுல பட்டுச்சு, அப்பப்ப ஒரு சுத்து ஓட்டிக்கலாமேன்னு ஆசை. கல்யாணமான புதுசுல, கடை வைக்க என் நகைய வித்தேன்னு சொன்னேன்ல? எனக்கு ஏதுங்க நகை? எங்கப்பா சாகும்போது எனக்குன்னு விட்டுட்டுப் போனது அந்த வண்டி ஒண்ணுதான்."