உப்பு கட்டும் பாத்தி

மகள் ரோசலின் காய்ச்சலில் போன பிறகு நான் கோயில் பக்கம் போகவில்லை. பங்குச் சாமியார் உப்பளத்துக்கே வந்துவிட்டார்.

"பாத்திக்கு முன்னால சும்மா உக்காரு லாசர். வெயில் தண்ணிய என்ன செய்யுதுன்னு பாரு. மனசுல எது வந்தாலும் தள்ளாத, அப்படியே ஆண்டவர்கிட்ட காட்டு" என்றார்.

உட்கார்ந்தேன். அழுகை வரும் என்றிருந்தேன். கோபம் வந்தது, அதுவும் ஆண்டவர் மேல். தண்ணீர் வற்றி உப்பு கட்டும்போது பாத்தியில் எங்கள் ஆட்கள் யாரும் கால் வைக்க மாட்டார்கள். நான் இறங்கி, கட்டியிருந்த உப்பையெல்லாம் மிதித்து உடைத்தேன்.

"ஏல, கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று கங்காணி கத்தினார்.

என் மனைவி ஞானம் ஓடிவந்தாள். என்னை வெளியே இழுப்பாள் என்று பார்த்தால், சேலையைச் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள்.

"நான் தினம் முழங்கால்ல நின்னது கும்பிடன்னா நெனச்சீங்க? ஆண்டவர ஏசிட்டுல்லா இருந்தேன். நீங்களும் ஏசுங்க, கேக்கட்டும்."

கால் வெடிப்பில் உப்புத்தண்ணீர் எரிந்தது. எவ்வளவோ ஏசத்தான் வாயைத் திறந்தேன். "ஆண்டவரே" என்றதும் அழுகை வந்துவிட்டது.

"ம், மேல சொல்லுங்க" என்றாள் ஞானம்.