வானத்தைப் பார்த்த கேமரா

"எவன்கிட்டயோ வாங்கித் தின்னுட்டுத்தான்யா கேமராவைத் திருப்பியிருக்கான்!"

கிராம சபைக் கூட்டத்துல அப்படிச் சத்தம் போட்டது வேற யாரும் இல்ல, நாந்தான்.

நான் கூட்டத்துக்குப் போகவே லேட்டாயிருச்சு. கக்கூசுல அடை வச்ச கோழி வெளிய ஓடியாந்துருச்சு. அதைப் புடிச்சு உள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டுப் போறதுக்குள்ள, ஊர்த் தண்ணித்தொட்டிக்கு மோட்டார் போடுற அய்யாக்கண்ணை நடுவுல நிறுத்திட்டாக.

விசயம் இதுதான். கண்மாயில மண்ணு திருட்டுப் போகுதுன்னு பஞ்சாயத்துத் தலைவர் கோபிநாத்து, கரையில இருக்குற மோட்டார் ரூமு பக்கத்துல கம்பம் நட்டு ஒரு கேமரா வச்சாரு.

"இதுல ஒளிவு மறைவே கிடையாது. யாரு வேணும்னாலும் செல்லுல பாத்துக்கலாம். இருட்டுலயும் பட்டப்பகல் மாதிரி தெரியும்"னு மைக்குல சொன்னாரு.

தெரியத்தான் செஞ்சுச்சு. குவைத்துல இருந்து எம் பேரன் அரவிந்த்குமார் போன் போடுறான்.

"அப்பத்தா, நம்ம செவலை ஆடு கண்மாய்க்கரையில தனியா மேயுது, புடிச்சுக் கட்டு."

அந்த ஆடு இருக்கே, விராலிமலைச் சந்தையில வாங்குனது. வாங்கிட்டு வாரப்பவே பஸ்ஸுல கண்டக்டரை முட்டிருச்சு. அவரு அதுக்கும் சேத்து டிக்கெட்டுக் கிழிச்சாரு. சரி, அதை விடுங்க.

விடியக்காலையில செல்லைத் தொறந்தா மட்டும் கரை தெரியாது, வானந்தான் தெரியும். வெயில் ஏறுன பின்னாடிதான் கரை வரும். என்னடான்னு தலைவரே ஒரு நாள் போயி மறைஞ்சிருந்து பாத்திருக்காரு. அய்யாக்கண்ணு மோட்டார் போட வந்தவன், மூங்கில் கழியால கேமரா மூஞ்சியை மேல தள்ளி விட்டிருக்கான்.

"ஏய்யா திருப்புன?" தலைவர் கேட்டாரு.

"சொல்ல முடியாதுங்க."

"மண்ணு வண்டிக்காரன் திருப்பச் சொன்னானா?"

"இல்லைங்க."

"மறைக்க ஒண்ணும் இல்லாதவன் எதுக்குப்பா பயப்படணும்?"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அப்பத்தான் நான் வாயை விட்டேன். கூட்டமும் எங்கூடச் சேந்துக்கிருச்சு.

"மோட்டார் ரூமு சாவியைக் குடுத்துட்டுப் போ. நாளையில இருந்து வேற ஆளு பாத்துக்கிறோம்"னு தலைவர் சொல்லிட்டாரு. அவன் பொஞ்சாதி பொன்னுத்தாய் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. அந்த வேலைய நம்பித்தான் அவுக அடுப்பு எரியுது.

ரிட்டயர்டு வாத்தியார் விஸ்வநாதன் எந்திரிச்சாரு. தகவல் உரிமைச் சட்டம்னா அவருக்கு உசுரு. ரேஷன் கடைப் பூட்டு ஏன் துருப்புடிச்சிருக்குன்னுகூட மனுப் போட்டவரு.

"போன வாரம் ஒரு நாள் இவன் காய்ச்சல்ல கெடந்தான். அன்னைக்குக் கேமராவை யாரும் திருப்பலை. அந்தப் படத்தைக் கேட்டு மனுக் குடுத்திருக்கேன். பொதுப் பணத்துல எடுத்த படம், ஊருக்கே சொந்தம். இப்பவே டிவியில போடுங்க, வண்டி யாருதுன்னு தெரிஞ்சிரும்."

"போடுங்க, போடுங்க!"

அய்யாக்கண்ணு தடால்னு தலைவர் கால்ல விழுந்துட்டான்.

"சாவியை வாங்கிக்கங்க. படத்தை மட்டும் போடாதீங்கய்யா."

"பாத்தீகளா, பூனை வெளிய வந்துருச்சு!" இதுவும் நாந்தான்.

பஞ்சாயத்து ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குற ஹரிணி எங்க பக்கத்து வீட்டுப் புள்ள. அவதான் லேப்டாப்புல அந்த நாள் படத்தைத் தேடி எடுத்தா. டிவியில மாட்டுறதுக்கு முன்னாடி, ஒரு தடவை ஓட்டிப் பாத்தா.

அவ மொகமே மாறிப்போச்சு. வயரைச் சொருகாம லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போயி தலைவர்கிட்ட மட்டும் காட்டுனா.

தலைவருக்கு வேர்த்து ஊத்திருச்சு. செவுத்துல மாட்டியிருந்த கேடயத்தை ஒரு தடவை அண்ணாந்து பாத்தாரு. கக்கூசு இல்லாத வீடே இல்லாத ஊருன்னு எங்க ஊருக்குக் குடுத்த கேடயம். அப்புறம் லேப்டாப்பை மூடி வச்சாரு.

"இதுல வண்டி எதுவும் இல்ல."

"அதை நாங்க பாத்துச் சொல்றோம். மறைக்க ஒண்ணும் இல்லாதவரு எதுக்குத் தலைவரே பயப்படணும்?" விஸ்வநாதன் விடலை.

"சார், ஒருத்தரோட அந்தரங்கத்தை வெளிய குடுக்க வேணாம்னும் அதே சட்டத்துல இருக்குல்ல? உங்க மனுவுக்கு அப்படித்தான் பதில் வரும்."

சொல்லிட்டு, அய்யாக்கண்ணைத் தோளைப் புடிச்சுத் தூக்குனாரு.

"எந்திரிப்பா. சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்குக் காலையில கேமராவைத் திருப்ப மறந்துறாத."

கூட்டமே வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. மண்ணு வண்டி தெக்கு மடைப்பக்கமாப் போனதைப் பின்னாடி புடிச்சாக. அங்கிட்டுக் கேமராவே கிடையாது. ஆனா அன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் புரியலை.

எனக்கு மனசு கேக்குமா? வீட்டுக்கு வாரப்ப ஹரிணி கையைப் புடிச்சுக்கிட்டேன்.

"ஏத்தா, அப்படி என்னதான் இருந்துச்சு அதுல? மண்ணுல தலைவருக்கும் பங்கா?"

"சும்மா வாங்க அப்பத்தா."

"சொல்லுத்தா. நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்?"

அவ அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தா.

"விடியுறதுக்கு முன்னாடி கரையோரக் கருவக்காட்டுக்கு ஒதுங்கப் போறவுகதான் இருந்தாக. கையில சொம்போட, இருட்டுல ஒருத்தருக்கொருத்தர் மொகம் தெரியாம, தள்ளித் தள்ளி வரிசையா. முன்னால போறது தலைவரைப் பெத்த ஆத்தா தெய்வானை."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை.

"அடியாத்தி! கேடயம் வாங்குன வீட்டுலயேவா! அதான் அந்த மனுசனுக்கு அப்படி வேர்த்துச்சா! சரி, பின்னால போனது யாரு?"

ஹரிணி குரலைத் தாழ்த்திக்கிட்டா.

"நீங்கதான், அப்பத்தா."