எங்கட ஆளின்ர சாமான்

"இது வேண்டாம், தங்கச்சி. மற்றதை எடுங்கோ."

ரஜனி கவுண்டரில் எடுத்து வைத்த வேப் என்கிற மின்சிகரெட்டுக்கான பற்றரி இரண்டையும் அந்த மனிதர் ஒற்றை விரலால் தள்ளிவிட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நல்ல கோட்டு. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் அவளுடைய சின்னக் கடைக்கு முன்னால், நிறுத்தக்கூடாத இடத்தில் காரை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"மற்றது எண்டா எது?"

"உங்களுக்குப் பின்னால, பூட்டின அலுமாரிக்குள்ள கிடக்கே, அது."

"அது விலை கூட, அண்ணை. இதைப்போல ரெண்டு மடங்கு."

"பரவாயில்லை, எடுங்கோ."

எடுத்துக் கொடுத்தாள். மனிதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்ப்பது போல ஆராயத் தொடங்கினார். உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார். மேலுறையில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். எத்தனை அம்பியர் தாங்கும், எப்போது செய்தது என்றெல்லாம் கேட்டார்.

ரஜனி பொறுமையாகத்தான் சொன்னாள். "இதில சக்தி மூவாயிரம் எண்டுதான் போட்டிருக்கு. நான் முதல் தந்ததில ஒன்பதாயிரத்துத் தொளாயிரம். கூடினதை விட்டிட்டுக் குறைஞ்சதை வாங்கிறியள்."

மனிதர் சிரித்தார். "நம்பரை ஆரும் அச்சடிக்கலாம், தங்கச்சி."

அந்தச் சிரிப்புத்தான் ரஜனிக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப நான் போலிச் சாமான் விக்கிறன் எண்டுறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. சனம் கேக்குது, நீங்கள் குடுங்கோ. எனக்கு வேண்டாம்."

"ஏன், உங்கட உடம்பு மட்டும் பொன்னால செய்ததோ?"

மனிதர் கார்டை நீட்டினார். ரஜனி மெஷினைக் கொடுக்கவில்லை. ஏறிய கோபம் லேசில் இறங்குமா?

"எனக்குத் தெரியும், அண்ணை. வெள்ளைக்காரன் வித்தா வாய் திறக்காம வாங்குவியள். எங்கட ஆக்கள் இறக்கின சாமான் எண்டா மட்டும் நொட்டை சொல்லுவியள். முற்றத்து மல்லிகை மணக்காது எண்டு சும்மாவோ சொன்னவை? இதை ஆர் இறக்கிறது தெரியுமோ? சண்முகராசா அண்ணை! எங்கட ஊர்க்காரர்."

"சரி, சரி. எனக்கு நேரமாகுது."

"அவரை நான் நேரில கண்டதில்லை. கதைச்சதும் இல்லை. கிழமைக்கு ஒருக்கா வேன் வரும், சாமான் இறக்கும். ஆனா கோயில்ல அன்னதானம் எண்டா அவர்தான் முன்னுக்கு நிப்பாராம். எங்கட ஆள் எண்டு ஒரு நாள் ஒரு பெட்டியைப் பிரிச்சுப் பாத்திருப்பனோ? ஒரு கேள்வி கேட்டிருப்பனோ? அப்பிடிப்பட்ட மனுசன் எங்களுக்கு மோசம் செய்வாரோ?"

மனிதர் சுவரில் இருந்த லொத்தர்ச் சீட்டு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ர மனுசனும் இதைத்தான் பாவிக்கிறார். மினிகாப் டாக்சி ஓடுறவர். மேலதிகமா ஒரு பற்றரி எப்பவும் காற்சட்டைப் பொக்கற்றுக்க, கார், வீட்டுத் திறப்புக் கோர்வையோட கிடக்கும்."

மனிதர் சட்டென்று திரும்பினார். "திறப்புகளோடயோ?"

"ஓம். ஏன் கேக்கிறியள்?"

வாயைத் திறந்தார். என்னவோ சொல்லப்போகிறார் என்று ரஜனி காத்திருந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

"ஒண்டுமில்லை. இந்த ரெண்டையும் போட ஒரு பிளாஸ்டிக் டப்பா தாங்கோ. இரும்பில முட்டினா நெருப்புப் பிடிக்கும் எண்டு நான் பற்றரியைச் சும்மா பொக்கற்றுக்க போடுறேல்லை."

ரஜனிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன, பயப்பிடுத்திறியளோ? நில்லுங்கோ. சண்முகராசா அண்ணையிட்டயே கேப்பம். அவற்ற நம்பர் இந்தப் பற்றரிப் பெட்டியில கிடக்கு."

"வேண்டாம், தங்கச்சி."

"ஏன் வேண்டாம்? அவர் சொல்லட்டும், நீங்களும் கேளுங்கோ!"

பெட்டியைத் திருப்பி, நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டுக் கவுண்டரில் வைத்தாள்.

போன் ஒலித்தது. நல்ல கோட்டின் உள்ளே இருந்து முருகன் பாட்டு ஒன்று எழும்பியது.

கடையில் வேறு ஒருவரும் இல்லை. ரஜனி போனை நிறுத்தினாள். பாட்டும் நின்றது.

அவள் அடுத்து அழுத்தியது கணவனின் நம்பரை.

"இஞ்சேருங்கோ, காரை ஓரமா நிப்பாட்டுங்கோ. பொக்கற்றுக்க இருக்கிற பற்றரியை வெளியில எடுங்கோ. வேப்புக்குள்ள இருக்கிறதையும் கழட்டுங்கோ. காரணம் பிறகு சொல்லுறன், முதல்ல எடுங்கோ!"

"எடுத்திட்டன்" என்று அந்தப் பக்கம் கேட்ட பிறகுதான் போனை வைத்தாள்.

"தங்கச்சி, வியாபாரம் எண்டு வந்தா..." என்று சண்முகராசா தொடங்கினார்.

ரஜனி காது கொடுக்கவில்லை. அசல் பற்றரி இரண்டையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். விற்பனைக்கு வைத்திருந்த அவருடைய பெட்டிகள் முழுவதையும் தட்டிலிருந்து இறக்கினாள். அவர் முதலில் தள்ளிவிட்ட இரண்டை மட்டும் அவர் முன்னால் நகர்த்தினாள்.

"காசு வேண்டாம், அண்ணை. உங்கட வீட்டுத் திறப்போட சேத்துப் பொக்கற்றுக்க போடுங்கோ, பாப்பம்."