தொடர்புக்கு

இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகங்களை இப்போது இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். தாய்வழியில் ஒருவரும் மிச்சமில்லை என்றிருந்த கேதீஸ்வரி, கொக்குவில் வீட்டில் காலையிலிருந்து பூட்டனின் பெயரையும் ஊரையும் மாற்றி மாற்றித் தேடிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சருங்கோ, ஆள் அம்பிட்டிட்டார். தோணி ஓட்டின கந்தப்புத் தண்டையல், 1958.”

அவள் கணவன் பிரகலாதன் புட்டுத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தான். கடைசிப் பக்கத்தில் ‘தொடர்புக்கு’ என்பதன் கீழ், அதே பழைய அச்செழுத்தில், 077 என்று தொடங்கும் கைபேசி எண் இருந்தது.

“அந்தக் காலத்திலை ஏதப்பா மொபைல்?”

“அடிச்சுப் பாப்பம்,” என்றாள். சந்தோசத்தோடு தன் போனில் அந்த எண்ணை அழுத்தினாள்.

மேசையில் மணி கேட்டது. மகளுக்கென்று நேற்று வாங்கிய புதுப் போன், உறை பிரிக்காத பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் சிம் வாங்கவில்லை.

பிரகலாதன் பெட்டியைக் கையில் எடுத்தான். உறை எங்கும் கிழியவில்லை. மணி நின்றது.

“ஆரோ எடுத்திட்டினம்,” என்று கேதீஸ்வரி அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தன் போனில் சொன்னாள்: “ஓம், கந்தப்புவின்ரை பூட்டப்பிள்ளைதான் கதைக்கிறன். உங்கை எத்தினை பேர் இருக்கிறியள்?”