தேர் முட்டிய சுவர்

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் மரங்களை அழித்துக் கட்டிய புதுத் தாமான் குடியிருப்பில், பழைய தோட்டப் பாதையின் பழக்கத்தில் மாடுகள் அம்மன் ரதத்தை முட்டுச் சந்துக்குள் இழுத்து வந்து நிற்கின்றன. எதிரே ஆளுயரச் சுவர். அதற்கு அப்பால் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள். மாலை வெயில் சிமெண்டில் மஞ்சளாகக் காய்கிறது. வண்டியோட்டி பத்துமலை மூக்கணாங்கயிற்றைத் தளர்த்துகிறான்.

“சாமி வந்துருச்சா, தம்பி?” சுவருக்கு அந்தப் பக்கம் இருளாயி அக்காவின் குரல். குள்ளமான மனுஷி, தலைகூடத் தெரியவில்லை.

“வந்துருச்சுக்கா. ரோட்டத்தான் அடைச்சிட்டானுங்க. பெரிய ரோட்டுல சுத்தி வர பெர்மிட் இல்லலா.”

ரதத்தில் பூசாரி ஏற்றிய சூடத்தட்டைப் பத்துமலை வாங்கி, ரதத்தின் படியில் ஏறிச் சுவருக்கு மேல் நீட்டுகிறான். அந்தப் பக்கமிருந்து கைகள் மட்டும் எழுந்து, சுடரை ஒற்றி இறங்குகின்றன. சுடருக்கு எட்டாத ஒரு கை, சுவரின் விளிம்பைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ள இறங்குகிறது.